அறப்போரும் மனச்சான்றும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



'அறப்போர்' என்னும் சொல் தமிழில் இரு பொருள்களில் வழங்கி வருகிறது. ஒன்று பழையது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையார், அம்மன்னன் பகை நாட்டின்மீது அம்பு தொடுக்குமுன் பசுக்களையும், அந்தணரையும், மகளிரையும், நோயாளரையும், ஆண்மகவு பெறாதோரையும் பாதுகாப்பான இடம் தேடிச் செல்லுமாறு அறிவிக்கும் இயல்பினன் என்று புகழ்கிறார். புறநானூற்றின் ஒன்பதாம் பாடல் தரும் செய்தி இது. போர் உண்டு, ஆயினும் அதற்கு வரம்பும் உண்டு என்பது இப்பொருள். மற்றொன்று இருபதாம் நூற்றாண்டில் எழுந்தது. படைக்கலம் ஏந்தாமல், பிறருக்கு ஊறு செய்யாமல், துன்பத்தைத் தம்மேல் ஏற்று அநீதியை எதிர்த்தலும் அறப்போர் எனப்பட்டது. 1930-இல் வேதாரணியத்தில் நிகழ்ந்த உப்புப் போராட்டம் இப்பொருளுக்கு உரியது. வரம்போடு போரிடுதலும், போரிட மறுத்தலும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருப்பது எண்ணத்தக்கது.

கத்தோலிக்கத் திருச்சபையின் ஒழுக்கவியலிலும் இவ்விரு நெறிகளும் ஒருசேர இடம்பெற்றுள்ளன. நேரிய காரணத்திற்காகப் போரிடலாம் என்னும் கோட்பாடு ஒருபுறம். படைக்கலத்தைத் துறந்தோரைச் சான்றாளர் எனப் போற்றும் மரபு மறுபுறம். இவற்றுள் எது சரி என்னும் வழக்கு நெடுங்காலமாக நடந்து வருகிறது. எனினும் இவ்வழக்கில் ஒரு வினா பெரும்பாலும் ஓரத்திலேயே நின்றது. ஒரு போர் நேரியதா, அன்றா என்று தீர்ப்புக் கூறும் உரிமை யாருக்கு உரியது? அரசனுக்கா, ஆயருக்கா, படைக்கு அழைக்கப்பெறும் எளிய மனிதனுக்கா? இவ்வினாவை ஏட்டில் எழுதாமல் தம் உயிரைக் கொண்டு எழுப்பிய ஓர் உழவரின் வரலாற்றை முன்னிறுத்தி இவ்வுரை அமைகிறது.

மரபின் இரு கிளைகள்

வட ஆப்பிரிக்காவின் நுமீதிய நாட்டில், இன்று அல்சீரியாவில் உள்ள தெபெசா நகரில், கி.பி. 295-ஆம் ஆண்டு மாக்சிமிலியன் என்னும் இருபத்தோரு வயது இளைஞர் உரோமைப் படையில் சேருமாறு அழைக்கப்பெற்றார். கிறித்தவராகிய தம்மால் படைப்பணி ஆற்ற இயலாது என்று அவர் மறுத்தார், அதற்காகக் கொல்லப்பட்டார். திருச்சபை அவரை மறைசாட்சியாக வணங்குகிறது.

அடுத்த நூற்றாண்டில் அதே வட ஆப்பிரிக்க மண்ணில் தோன்றிய புனித அகுஸ்தீன் (354-430) மற்றொரு கிளைக்கு வித்திட்டார். பேரரசு கிறித்தவத்தைத் தழுவிய பின்னர், எல்லைக்கு அப்பாலிருந்து படையெடுத்து வருவோரிடமிருந்து மக்களைக் காப்பது யார் என்னும் வினா எழுந்தது. தன்னைக் காத்துக்கொள்ளப் பிறரைக் கொல்வதைவிட, பிறரைக் காக்கப் பொது அதிகாரம் படையைப் பயன்படுத்துவதையே அவர் ஏற்கத்தக்கதாகக் கண்டார். போரில் தீமை எனத் தக்கவை வெறுப்பும், கொடுமையும், ஆதிக்க வேட்கையுமே என்பது அவர் கருத்து.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினார் இக்கருத்துகளை முறைப்படுத்தினார். உரிய அதிகாரம், நேரிய காரணம், நேரிய நோக்கம் ஆகிய மூன்றும் பொருந்தினாலன்றிப் போர் நேரியது ஆகாது என்றார். தற்காப்பைப் பற்றியும் அவர் நுட்பமாக ஆராய்ந்தார். தன்னைத் தாக்குபவனைத் தடுக்கும் ஒருவரின் செயலுக்கு இரண்டு விளைவுகள் உண்டு. தன்னுயிர் காத்தல் ஒன்று. தாக்குபவனின் உயிர் போதல் மற்றொன்று. முன்னதையே நாடி, தேவைக்கு மிஞ்சாத வலிமையைக் கையாள்வோர் குற்றமற்றவர். தேவைக்கு மிஞ்சினால் அதே தற்காப்பு முறையற்றதாகும் என்றார்.

இங்கே ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. தற்காப்பு என்பது 'கொலை செய்யாதே' என்னும் கட்டளைக்கு அளிக்கப்பெற்ற விலக்கு அன்று. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதைத் தெளிவாகக் கூறுகிறது. உயிரின் மதிப்பே கட்டளைக்கும் வேர், தற்காப்புக்கும் வேர். ஒருவர் தமக்குரிய தற்காப்பைத் துறக்கலாம். பிறருடைய உயிருக்குப் பொறுப்பேற்றவருக்கோ அவர்களைக் காத்தல் உரிமை மட்டுமன்று, கடமையுமாகும். படைக்கலத்தைத் துறந்து மனித உரிமைகளைக் காக்க முனைவோரையும் அதே நூல் போற்றுகிறது. பிறருடைய உரிமைக்கும் கடமைக்கும் ஊறு நேராதிருத்தல் வேண்டும் என்பதே அது விதிக்கும் வரம்பு. ஆகவே, இரு கிளைகளும் ஒரு மரத்தினவே எனலாம்.

தீர்ப்பு யாருடையது?

அக்குவினார் வகுத்த மூன்று நிபந்தனைகளும் நிறைவேறினவா என்று யார் சோதிப்பது? இதற்கு மரபு தந்த விடை பெரும்பாலும் அரசனின் பக்கமே சாய்ந்தது. தீய அரசனின்கீழ்ப் பணியாற்றும் படைவீரனும், தனக்கு இடப்பட்ட ஆணை இறைவனின் கட்டளைக்கு மாறானது என்பது உறுதியாகாதவரை, குற்றமற்றவனாக இருத்தல் கூடும் என்று அகுஸ்தீன் எழுதினார். ஐயத்தின் பயன் ஆணையிட்டவனுக்கே சென்றது.

இதைச் சற்று அசைத்தவர் இசுபானிய நாட்டுத் தொமினிக்கன் துறவி பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா. அமெரிக்கக் கண்டத்து மக்கள்மீது இசுபானியர் நடத்திய போர்களைக் குறித்து 1539-இல் சலமான்கா பல்கலைக்கழகத்தில் அவர் விரிவுரைகள் ஆற்றினார். போர் அநீதியானது என்று குடிமகன் ஒருவனின் மனச்சான்று உறுதியாகக் கூறுமானால், அரசனே ஆணையிட்டாலும் அவன் போரிடலாகாது என்பது அவர் முடிபு. மேலோர் ஆணையிட்டனர் என்பது மட்டுமே போதுமான விடையாயின், பிலாத்துவின் ஆணைப்படி இயேசுவைச் சிலுவையில் அறைந்த வீரர்களும் குற்றமற்றவராவர் என்று அவர் சுட்டினார். ஆயினும் அவரும் ஒரு கதவைத் திறந்தே வைத்தார். அரசவையில் இடம்பெறாத எளிய மக்கள் போரின் காரணங்களை ஆராயக் கடமைப்பட்டவர் அல்லர். ஐயம் இருப்பின் மேலோரை நம்பிச் செல்லலாம் என்றார்.

நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் அந்த எளிய மக்களுள் ஒருவர், ஆராயத் தமக்குக் கடமை உண்டு என்று கருதினார்.

ராடெகுண்ட் ஊரின் உழவர்

ஆசுத்திரிய நாட்டின் மேல் ஆசுத்திரிய மாநிலத்தில், செருமனியின் எல்லையை ஒட்டி, சாங்க்ட் ராடெகுண்ட் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1907-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் பிரான்சு யேகர்ஸ்டேட்டர் பிறந்தார். தாய் பண்ணை வேலை செய்தவர், மணமாகாதவர். தந்தை முதல் உலகப் போரில் மாண்டார். பின்னர்த் தாயை மணந்த உழவர் சிறுவனைத் தத்தெடுத்துத் தம் பெயரையும் நிலத்தையும் அளித்தார். யேகர்ஸ்டேட்டரின் கல்வி ஊர்ப்பள்ளியோடு நின்றது. இளமையில் அவர் துடிப்பும் முரட்டுத்தனமும் மிக்கவர். மணமாகுமுன்னரே ஒரு பெண் மகவுக்குத் தந்தையானவர். பிறவியிலேயே புனிதர் என்று காட்டத்தக்க வாழ்வன்று அது. 1936-இல் பிரான்சிஸ்கா என்னும் பெண்ணை மணந்தார். மணமக்கள் உரோமைக்குத் திருப்பயணம் சென்று திரும்பினர். மூன்று பெண் மக்கள் பிறந்தனர்.

1938-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இட்லரின் படை ஆசுத்திரியாவில் புகுந்தது. ஏப்ரல் 10-ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பில், அவ்வூரில் இணைப்பை எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவரே. ஊர் முழுவதும் ஒருமனதாக ஆதரித்தது என்றே கணக்கு அனுப்பப்பட்டது. மறுப்பு ஒன்று இருந்ததாகவும் ஏட்டில் இல்லை.

அதே ஆண்டின் தொடக்கத்தில் அவர் ஒரு கனவு கண்டார். மலையைச் சுற்றி ஓர் அழகிய தொடர்வண்டி வருகிறது. சிறியோரும் பெரியோரும் அதில் ஏற ஓடுகின்றனர். அவ்வண்டி நரகத்திற்குச் செல்வதாக ஒரு குரல் கேட்கிறது. அந்த வண்டி நாசி இயக்கமே என்று அவர் பின்னர்ப் பொருள் கொண்டு எழுதினார்.

1940-41-இல் அவர் சில மாதங்கள் படைப்பயிற்சி பெற்றார். உழவர் என்னும் காரணத்தால் ஊர் திரும்ப இசைவு கிடைத்தது. அதன்பின் ஊர்த் திருக்கோயிலில் கோயில் பிள்ளையாகப் பணி செய்துகொண்டு, குறிப்பேடுகளில் தம் எண்ணங்களை எழுதலானார். அக்குறிப்புகளில் எல்லாப் போரும் பாவமே என்னும் வாதம் முதன்மை பெறவில்லை என்பது நோக்கத்தக்கது. அவர் ஆராய்ந்தது இந்தப் போரை. உருசியாவின்மீது தொடுத்த போர் கடவுள் மறுப்புக் கொள்கைக்கு எதிரானது என்று பலரும் நம்பினர். குருக்கள் சிலரும் நம்பினர். கொள்கையை எதிர்ப்பதே நோக்கமாயின், அந்நாட்டின் கனிமங்களும் எண்ணெய்க் கிணறுகளும் விளைநிலங்களும் எதற்கு என்று அவர் வினவினார். இது அக்குவினார் வகுத்த மூன்றாம் நிபந்தனை. நேரிய நோக்கம் உண்டா என்னும் சோதனையை இறையியல் கல்லூரியின் வாயிலை மிதித்தறியாத உழவர் ஒருவர் செய்து முடித்திருக்கிறார்.

ஆயர் தந்த விடை

தம் முடிவு சரிதானா என்று கேட்க அவர் லின்ஸ் நகருக்குச் சென்று ஆயர் யோசப் பிளீசரைக் கண்டார். போரின் நேர்மையைத் தீர்மானிக்கும் பொறுப்பு தனி மனிதருக்கு உரியதன்று. குடும்பத்தின்மீது அவருக்குள்ள கடமையே பெரிது என்பதே ஆயரின் அறிவுரை. ஊர்க் குருவும் உறவினரும் இதையே கூறினர். செருமானிய ஆயர்களும் 1939-இல் போர் தொடங்கியபோது கத்தோலிக்கப் படைவீரர்களுக்குக் கீழ்ப்படிதலையும் கடமையையுமே அறிவுறுத்தியிருந்தனர்.

ஆயரின் சொல்லை எளிதில் தள்ளிவிடல் தகாது. மூன்று குழந்தைகளின் தந்தைக்கு அவர்களைக் காத்தல் கடமையன்றோ? பிறருயிருக்குப் பொறுப்பேற்றவர் பற்றிய அதே கோட்பாட்டைத்தான் ஆயரும் நினைவூட்டினார். யேகர்ஸ்டேட்டரும் அதை மறுக்கவில்லை. குடும்பத்தைக் காப்பதற்காகப் பிற குடும்பங்களை அழிக்கும் பணியில் சேர்தல் ஆகுமா என்பதே அவர் வினா. அதற்கு ஆயரிடம் விடை இல்லை.

1943-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் அழைப்பாணை வந்தது. மார்ச்சு 1-ஆம் நாள் என்ஸ் நகரப் படைமுகாமில் நேர்நின்று, போரிட இயலாது என்று கூறினார். லின்ஸ் சிறையிலும் பின்னர்ப் பெர்லினின் டேகல் சிறையிலும் அடைக்கப்பட்டார். படைக்கலம் ஏந்தாத மருத்துவ உதவிப் பணிக்கு அவர் முன்வந்தார், அது ஏற்கப்படவில்லை. சூலை 6-ஆம் நாள் பேரரசுப் படை நீதிமன்றம், படையின் ஆற்றலைக் குலைத்த குற்றத்திற்காக அவருக்கு மரண தண்டனை விதித்தது. அத்திங்களில் பிரான்சிஸ்காவும் ஊர்க் குருவும் பெர்லினுக்கு வந்து கண்டனர். இருபது நிமிடங்களே அச்சந்திப்பு நீடித்தது. குரு அவரை மனம் மாற்ற முயன்றார். பிரான்சிஸ்கா தொடக்கத்தில் கணவரைத் தடுக்க முயன்றவர்தாம். ஆயினும் அவரைத் தனியே விட்டுவிட மனமின்றி அவர் பக்கம் நின்றார். எல்லாரும் அவருக்கு எதிராகப் பேசும்போது தாமும் பேசினால் அவருக்கென்று ஒருவரும் இருக்கமாட்டார் என்று அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

சிறையில் யேகர்ஸ்டேட்டருக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது. பிரான்சு ரைனிஷ் என்னும் பல்லோட்டைன் சபைக் குரு இட்லருக்கு உறுதிமொழி அளிக்க மறுத்து, 1942-ஆம் ஆண்டு ஆகசுடு 21-ஆம் நாள் கொல்லப்பட்டிருந்தார். அச்செய்தியைச் சிறையின் ஆன்ம குரு கூறினார். குரு ஒருவரே சென்ற வழி தவறான வழியாகாது என்று அவர் தேறினார். 1943-ஆம் ஆண்டு ஆகசுடு 9-ஆம் நாள் மாலை 4 மணிக்குப் பிராண்டன்பர்க் சிறையில் அவர் தலை துண்டிக்கப்பட்டது. அகவை முப்பத்தாறு.

பம்பாயின் முன்னாள் பேராயர்

போர் முடிந்த பின்னரும் அவர் பெயர் ஊருக்கு உறுத்தலாகவே இருந்தது. போரில் மகனை இழந்த பெற்றோருக்கும், போரிலிருந்து மீண்ட வீரருக்கும் அவர் மறுப்பு ஒரு பழிச்சொல் போல் ஒலித்தது. பிரான்சிஸ்கா வயலையும் கோயில் பணியையும் தாமே ஏற்றார். கைம்பெண்களுக்கு உரிய உதவித்தொகை 1950 வரை அவருக்கு மறுக்கப்பட்டது. அவரைப் பற்றிய கட்டுரையை 1946-இல் மறைமாவட்ட இதழில் வெளியிடவும் ஆயர் பிளீசர் இசையவில்லை. போர்க்களத்தில் கடமையுணர்வோடு மாண்ட கத்தோலிக்க இளைஞர்களே பெரிய வீரர்கள் என்பது அவர் கருத்தாக இருந்தது.

அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் கோர்டன் சான் 1964-இல் வெளியிட்ட நூல் இவ்வரலாற்றை உலகறியச் செய்தது. அடுத்த ஆண்டு இரண்டாம் வத்திக்கான் திருச்சங்கத்தின் இறுதி அமர்வில், இயேசு சபையைச் சேர்ந்த பேராயர் தாமசு ராபர்ட்சு இவ்வுழவரின் சான்றைத் திருச்சங்கத் தந்தையரின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். இவர் 1937 முதல் 1950 வரை பம்பாய்ப் பேராயராக இருந்தவர். இந்தியர் ஒருவரே அப்பதவிக்கு வருதல் வேண்டும் என்று கருதி விலகி, பேராயர் வலேரியன் கிரேசியசுக்கு வழிவிட்டவர். தம் ஆயரிடமிருந்து ஆதரவு பெறாத ஒருவரின் நிலை இனி எவருக்கும் நேரலாகாது என்பது ராபர்ட்சின் வேண்டுகோள்.

அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1956-ஆம் ஆண்டுக் கிறித்துமசு உரையில், திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் வேறு திசையில் பேசியிருந்தார். மக்கள் உரிமையோடு தேர்ந்தெடுத்த அரசு, நேரிய தற்காப்புக்காகப் படைக்கு அழைத்தால், கத்தோலிக்கக் குடிமகன் மனச்சான்றைக் காட்டி மறுத்தல் இயலாது என்றார். 1965-ஆம் ஆண்டு திசம்பர் 7-ஆம் நாள் வெளியான 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஆவணம், தற்காப்பு உரிமையை ஏற்றதோடு, மனச்சான்றின் காரணமாகப் படைக்கலம் ஏந்த மறுப்போருக்குச் சட்டங்கள் பரிவோடு இடமளித்தல் வேண்டும் என்றும், அவர்கள் வேறு வகையில் சமுதாயப் பணி ஆற்றுதல் வேண்டும் என்றும் கூறியது. நகரங்களை மக்களோடு அழிக்கும் போரை இறைவனுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் எனக் கண்டித்தது.

எஞ்சி நிற்கும் வினா

இதனோடு வழக்கு முடிந்துவிட்டது என்று கூறுவதற்கில்லை. 1971-ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. வியட்நாம் போர் தம் சமய நெறிப்படி அநீதியானது என்று கருதிய கத்தோலிக்க இளைஞர் ஒருவர், படைப்பணியிலிருந்து விடுவிக்குமாறு கேட்டார். எல்லாப் போர்களையும் மறுப்பவருக்கே சட்டம் இடமளிக்கிறது. ஒரு போரை ஏற்று மற்றொன்றை மறுப்பவருக்கு இடமில்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதன் விளைவு வியப்புக்குரியது. திருச்சபையின் நேரிய போர்க் கோட்பாட்டை முற்றும் நம்பி, அதன்படி ஒரு போரை எடைபோட்டு மறுக்கும் கத்தோலிக்கருக்கே அச்சட்டத்தில் நிழல் இல்லை. அவ்வாண்டு அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள், குறிப்பிட்ட போரை மறுக்கும் உரிமையையும் சட்டம் ஏற்றல் வேண்டும் என்று அறிவித்தனர். அவர்கள் காக்க முனைந்தது, ஒரு வகையில், யேகர்ஸ்டேட்டரின் வகையினரையே.

1992-ஆம் ஆண்டு மறைக்கல்வி நூல் தற்காப்புப் போருக்குக் கடுமையான நிபந்தனைகளை விதிக்கிறது. தாக்குபவர் விளைக்கும் கேடு நிலையானதாகவும், பெரிதாகவும், ஐயமற்றதாகவும் இருத்தல் வேண்டும். மற்ற வழிகள் யாவும் பயனற்றுப் போயிருத்தல் வேண்டும். வெற்றிக்குத் தக்க வாய்ப்பு இருத்தல் வேண்டும். நீக்க முனையும் தீமையைவிடப் பெருந்தீமை படைக்கலத்தால் விளைதலாகாது. இந்நிபந்தனைகள் நிறைவேறினவா என்று மதிப்பிடும் பொறுப்பைப் பொதுநலத்திற்குப் பொறுப்பேற்றோரின் அறிவார்ந்த முடிவுக்கே அந்நூல் விடுகிறது. மனச்சான்றின்படி மறுப்போருக்கு இடமளிக்குமாறு அதே பகுதியில் அரசுகளை வேண்டுகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2020-இல் எழுதிய சுற்றுமடலில், இன்றைய படைக்கலங்களின் அழிவாற்றலை நோக்கும்போது முன்னைய நூற்றாண்டுகளின் அளவுகோல்களைக் கொண்டு நேரிய போர் பற்றிப் பேசுதல் மிக அரிது என்றார்.

அரசு மதிப்பிடுதல் தவறன்று. அண்டை நாடு படையெடுத்து வரும்போது ஒவ்வொருவரும் தனித்தனியே ஆராய்ந்துகொண்டிருந்தால் தற்காப்பு என்பதே இல்லாமற்போகும். ஆயினும் அரசின் மதிப்பீடு இறுதியானதன்று. தற்காப்பு என்னும் சொல்லைக் கையாளாமல் படையெடுத்த அரசு எது? 1939-இல் போலந்தின்மீது பாய்ந்த இட்லரும் திருப்பித் தாக்குவதாகவே உலகுக்கு அறிவித்தார். அச்சொல்லை எடைபோட இரண்டாவது துலாக்கோல் ஒன்று வேண்டும். அது படைக்கு அழைக்கப்பெறுபவரின் மனச்சான்றே. நேரிய போர்க் கோட்பாடு உண்மையானதாயின், 'இது நேரியதன்று' என்று கூறும் உரிமையும் அதனுள்ளேயே இருத்தல் வேண்டும். மறுக்க இயலாத இடத்தில் ஏற்பும் பொருளற்றதாகிறது.

நிறைவாக

1997-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் பெர்லின் நீதிமன்றம் ஒன்று யேகர்ஸ்டேட்டருக்கு விதித்த தண்டனைத் தீர்ப்பை நீக்கியது. 2007-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள் அவர் அருளாளராக உயர்த்தப்பெற்றார். அவ்விழா நடந்த இடம் லின்ஸ் மறைமாவட்டப் பேராலயம். ஆயரிடம் அறிவுரை கேட்டு ஏமாற்றத்தோடு அவர் திரும்பிய அதே நகரம். தொண்ணூற்று நான்கு வயதுப் பிரான்சிஸ்கா அங்கிருந்தார். 2013-இல், நூறு வயது நிறைந்த சில நாள்களில், அவர் மறைந்தார். கணவர் செலுத்திய விலை ஒரு மாலைப்பொழுதில் முடிந்தது. மனைவி செலுத்தியதோ எழுபது ஆண்டுகள் நீண்டது. ஆயர் நினைவூட்டிய குடும்பக் கடமை என்னும் வினாவுக்கு இன்றும் எளிய விடை இல்லை. அவ்வினாவைக் கணவர்மீது பழியாகச் சுமத்தாமல் தாமே சுமந்தவர் பிரான்சிஸ்கா என்று மட்டும் கூறலாம்.

பாவலர் நிறைந்த இவ்வவைக்கு இச்செய்தியில் ஓர் உரிமையும் உண்டு. நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பொருதபோது, இருவரும் ஒரே சோழர் குடியினர் என்றும், யார் தோற்பினும் தோற்பது அக்குடியே என்றும் எடுத்துரைத்தவர் கோவூர் கிழார். போரின் நேர்மையை வேந்தன் முன்னின்று எடைபோடும் உரிமை புலவனுக்கு இருந்தது. அவ்விரு வேந்தரின் படைகளிலும் நின்ற மறவர்களுள் அதே வினாவைத் தம்முள் கேட்டவர் இருந்திருக்கலாம். அவர்களைப் பாட ஒருவரும் இல்லை. சாங்க்ட் ராடெகுண்டின் உழவருக்கு அரசவையில் பேசத்தக்க ஒரு கோவூர் கிழார் கிடைக்கவில்லை. ஆயினும் அவரே கேட்டார்; தமக்கு விடை தரவேண்டியவர் வாளாவிருந்தபோது தாமே விடையும் தந்தார்.

வென்றவரைப் பாடுதல் புலவர்க்கு எளிது. போர்க்களத்தில் வீழ்ந்தவரைப் பாடவும் புறத்திணையில் துறைகள் உண்டு. களத்திற்கே செல்ல மறுத்து உயிர் தந்தவரைப் பாட இன்னும் துறை வகுக்கப்படவில்லை. அதை வகுப்பது இவ்வட்டத்துப் பாவலர்களின் பணியாகலாம்.